பெயரில்லாத மேடுகள்

(காரைக்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. கவிதையைப் பேச இங்கே ஆள் இருக்கு. நான் சுடுகாட்டைப் பத்திப் பேசுறேன். பேங்க் கிளார்க்குக்கு அதுல என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். வேலை இருக்கு. வருசா வருசம் நவம்பர் மாசம் எங்க கவுண்டருக்கு முன்னால பென்ஷன்காரங்க வரிசை நிக்கும். உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அந்த வரிசையில் பட்டாளத்துக்காரர்களும் பட்டாளத்துக்காரர்களின் விதவைகளும் உண்டு. உயிரோடு இருப்பதற்கு ஆண்டுக்கொரு சான்று கேட்கிற இந்த அரசு, செத்த பிறகு அந்த ஆள் எங்கே கிடக்கிறான் என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை. அங்கேதான் என் கேள்வி தொடங்கியது.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு சலவைக் கல்லைப் பார்க்கலாம். பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ, சாவடியிலோ, தாலுகா ஆபீஸ் பக்கமோ பதித்திருப்பார்கள். இங்கிலீசில் ஒரே வாசகம். இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பெயர் கிடையாது, தெரு கிடையாது. சென்னை ராஜதானியிலிருந்து அந்தப் போருக்குச் சண்டைக்காரர்களாகச் சேர்ந்தவர்கள் 51,223 பேர். சமையல், சுமை, துப்புரவு, கோவேறு கழுதை ஓட்டுதல், சாலை வெட்டுதல் என்று சண்டை போடாத வேலைக்குப் போனவர்கள் 41,117 பேர். இந்த இரண்டாவது கணக்கில் யார் இருந்திருப்பார்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?

முதல் கணக்கிலும் நாம இருந்தோம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற படை 1780-இல் கம்பெனிக்காரன் அமைத்த பயனியர் கம்பெனிகளிலிருந்து வந்தது. இன்றைக்கும் பெங்களூரில் அதன் தலைமையகம் இருக்கிறது. அதன் சிப்பாய்க்குப் பட்டாளத்தில் செல்லப் பெயர் 'தம்பி'. அந்தத் தம்பிகளில் பறையர்களும் தலித் கிறித்தவர்களும் பெருவாரியாக இருந்த காலம் உண்டு. 61, 64, 81 என்று எண் போட்ட பயனியர் படைகளிலும் அப்படித்தான். பயனியர் என்றால் முன்னே போய்ப் பாதை வெட்டுகிறவன். ஒரு கையில் துப்பாக்கி, மறுகையில் மண்வெட்டி. மண்வெட்டிதான் முக்கியம்.

ஆனால் ராபர்ட்ஸ் என்று ஒரு தளபதி இருந்தான். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்கும், பிறகு 1893 வரை இந்திய ராணுவம் முழுமைக்கும் தலைமைத் தளபதி. தெற்கத்தியான் வீரமில்லாதவன், வடமேற்கில்தான் 'வீரச் சாதிகள்' இருக்கின்றன என்று ஒரு கருத்தைக் கட்டி எழுப்பியவர்களில் அவன் முக்கியமானவன். மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பெயர் மாற்றிப் பஞ்சாபி ஆட்களால் நிரப்பப்பட்டன. மகாராஷ்டிரத்தில் மகர்களைச் சேர்ப்பதும் அதே 1890-களில் நிறுத்தப்பட்டது. சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூணுக்கு முன்னால் போய் நின்றார் என்றால், அது கம்பெனிக்காரன் ஜெயித்ததைக் கொண்டாட அல்ல. 1818 சண்டையில் செத்தவர்களின் பெயர் அந்தத் தூணில் செதுக்கப்பட்டிருக்கிறது. 49 பெயர்களில் 22 மகர்கள். சாதி இந்துவின் ஊரில் நிழல் விழக்கூடாது என்று விரட்டப்பட்டவனின் பெயர் கல்லில். பெயர் என்பது அப்படி ஒரு ஆயுதம்.

தூண் கட்டிய வெள்ளைக்காரன் பிறகு என்ன செய்தான்? 1917-இல் போர்க் கல்லறை ஆணையம் அமைத்தான். அதிகாரியும் சிப்பாயும் சமம், எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், இனமோ மதமோ பார்க்கக் கூடாது என்று கொள்கை வகுத்தான். நல்ல கொள்கை. பிரான்சில் நவ் ஷபேல் என்ற இடத்தில் 1927-இல் திறந்த நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்களைச் செதுக்கவும் செய்தான். அது ஐரோப்பா, நாலு பேர் பார்க்கிற இடம். ஈராக்கில் பஸ்ரா நினைவகத்தை 1929-இல் திறந்தபோது கொள்கை காற்றில் போய்விட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர். சுபேதார், ஜமேதாருக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே 'மற்றும் இத்தனை பேர்'. நம்ம ஊர்ச் சலவைக்கல்லில் இருப்பது போலவே வெறும் எண்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு ஒத்துக்கொண்டது. டேவிட் லாமி என்கிற கறுப்பின எம்.பி. 2019-இல் எடுத்த தொலைக்காட்சிப் படம் ஆப்பிரிக்காவில் பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்களைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் விசாரணைக் குழு. முதல் உலகப்போரில் செத்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. அன்றைய ஏகாதிபத்திய இனவெறியும் முன்முடிவும்தான் காரணம் என்று அறிக்கை சொல்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அமைச்சர் எழுந்து மன்னிப்புக் கேட்டார். நூறு வருசம் கழித்து ஒரு மன்னிப்பு. அதுகூட நம்ம ஊர்ச் சாதிக்காரனிடமிருந்து இன்னும் வரலை, அது வேற விஷயம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆணையத்தின் பொறுப்பு படைப்பணியின்போது செத்தவர்களுக்குத்தான். அதற்குத் தேதி உண்டு. முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரை. உயிரோடு திரும்பி வந்து, பத்து வருசமோ முப்பது வருசமோ கூலி வேலை பார்த்து, சேரியில் செத்து, சேரி இடுகாட்டில் புதைந்தவன் யாருடைய கணக்கிலும் இல்லை. அவனைத்தான் நாம் தேடணும்.

எங்க பூட்டன் அப்படி ஒருத்தர். பஸ்ராவுக்குப் போய் வந்தவர். ஊரில் அவருக்கு 'பஸ்ராக்காரர்' என்றுதான் பேர். எங்க அப்பத்தா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவர் இருந்தாராம். காக்கிக் கோட்டு ஒண்ணு வச்சிருந்தாராம். சேரிக்குள்ள போட்டுக்குவாராம். ஊர்த்தெரு வந்ததும் கழட்டிக் கக்கத்துல வச்சுக்குவாராம். "வெள்ளக்காரங்கிட்ட நிமிந்து நின்ன ஆளுடா, இங்கன வந்து குனிஞ்சாரு" என்று அப்பத்தா சொல்லும்.

அந்தக் கோட்டு ஏன் கக்கத்துக்குப் போனது? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் எழுதிவைத்திருக்கிறான். அப்போது நாமெல்லாம் இராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் இங்கே ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண் சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பொம்பளைகள் மேல்துணி போடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. ஆறு மாசத்தில், 1931 ஜூனில், தடை பதினொன்றாக ஏறியது.

தோழர்களே, இந்தப் பட்டியலை இன்னொரு தரம் மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க. கோட்டு, சட்டை, கிராப்பு, செருப்பு. இது என்ன? பட்டாளத்துக்காரனின் உடுப்பு. படையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பி வந்தவன் உடம்பில் இருந்ததைத்தான் தடை செய்திருக்கிறார்கள் என்பது என் வாசிப்பு. சும்மா இருந்தவன் மேல் தடை வராது. ஒருத்தன் போட்டுக்கிட்டு நடந்திருக்கான், அதனால தடை வந்திருக்கு. அந்த நடையின் வரலாறு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இடுகாட்டில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்பார். ஏகாதிபத்தியத்துக்காகச் சண்டை போட்டவனுக்கு நாம் ஏன் கல் நடணும்? நியாயமான கேள்விதான். சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இன்னும் கூர்மையான கேள்வி. 1801-இல் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிக்கொண்டே கம்பெனிப் படை நகர்ந்தது. ஒரு மாசம் வெட்டியும் முடியாமல் திரும்பியது. அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்கிற அதிகாரியே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறான். வெட்டியது பயனியர்கள். மருது சகோதரர்கள் பக்கம் நின்று செத்ததிலும் நம்மாட்கள் உண்டு. வேலுநாச்சியாருக்காக உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்ததாக மக்கள் சொல்லும் குயிலியை நம் பெண் என்று நாம் கொண்டாடுகிறோம். அவளுக்குச் சிவகங்கையில் ஒரு நினைவுத்தூண் வர இருநூறு வருசத்துக்கு மேல் ஆனது. இரண்டு பக்கமும் கூலிக்குப் போனவனும் விசுவாசத்துக்குப் போனவனும் பசிக்குப் போனவனும் இருந்தான். சண்டையை யார் தொடங்கினார்கள் என்று கேட்டுவிட்டு அவனைச் சேர்த்துக்கொடுத்தது யார்? நான் போரைக் கொண்டாடவில்லை. யூனிபாரத்துக்குச் சலாம் வைக்கவும் சொல்லவில்லை. அந்த ஆளுக்குப் பெயர் இருந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

தேசத்துக்காகவே செத்தால் மட்டும் இடம் கிடைத்துவிடுமா என்ன? 2016 ஜூனில் காஷ்மீர் பாம்போரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எஃப். வீரர் ஒருவரின் உடலை உத்தரப்பிரதேசம் பிரோசாபாத் மாவட்டத்தில் அவர் சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொது நிலத்தில் எரிக்கக் கூடாது என்று மேல்சாதியார் மறித்தார்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேசி ஒரு துண்டு இடம் வாங்கினார்கள். 2019 ஆகஸ்டில் நம்ம வாணியம்பாடிப் பக்கம் பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் பிரிக்கிற சுவரை நீங்களே அறிவீர்கள். செத்தவனுக்கும் சாதி இருக்கிற நாட்டில் கல்லறை ஆய்வு என்பது சாதி ஆய்வு.

தமிழனுக்குக் கல் நடுவது புதுசா? காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் முறை சொல்கிறது. மாடு மீட்டுச் செத்தவனுக்குச் செங்கம் வட்டாரத்தில் பெயர் பொறித்துக் கல் நட்டிருக்கிறார்கள். நம்ம மாவட்டத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழியைத் தோண்டி, உள்ளே இருக்கிற எலும்பை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். செய்யட்டும், எனக்கு அதில் சந்தோசம்தான். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின எலும்புக்கு இருக்கிற மரியாதை எழுபது வருசத்துக்கு முந்தின பறையனின் எலும்புக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன். அமெரிக்காவில் 1879 சட்டப்படி, தனியார் இடுகாட்டில் கிடக்கிற உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்க்கும் அரசாங்கமே கல் கொடுத்தது. குடும்பமோ ஊரோ கேட்டால் போதும். கறுப்புச் சிப்பாய்க்கும் கல் உண்டு, ஆனால் புதைத்தது தனிப் பகுதியில். ஆர்லிங்டனில் அந்தப் பிரிவினை 1948 வரை நீடித்தது. அங்கேயும் சேரி இருந்திருக்கு பாருங்க.

சரி, எப்படிச் செய்வது. ஒரு வருசமாக நானும் சில மாணவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கிழவிகளிடம் போங்கள். ஆம்பளைகளுக்கு ரெஜிமெண்ட் ஞாபகம் இருக்கும், பொம்பளைகளுக்கு இடம் ஞாபகம் இருக்கும். எந்த மேட்டில் பால் ஊற்றினோம், எந்த வேம்புக்குத் தெற்கே என்று துல்லியமாகச் சொல்கிறார்கள். பட்டப்பெயரைக் கேளுங்கள். பட்டாளத்தார், பஸ்ராக்காரர், பர்மாக்காரர் என்று குடும்பத்துக்குப் பேர் இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் போர் மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நாலும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். சண்டைக்காரனுக்கு வெள்ளி மெடல், தொழிலாளர் படைக்காரனுக்கு அதே மெடல் வெண்கலத்தில். அதிலும் வர்ணம். வெள்ளி மெடல் பெரும்பாலும் கொலுசாகவோ வட்டிக்கடையிலோ போயிருக்கும். வெண்கலம்தான் தப்பியிருக்கிறது, யாரும் வாங்காததால்.

அடுத்தது காகிதம். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ பதிவேடும் புலப்படமும் பாருங்கள். நம் இடுகாடு மயானப் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கிறதா, பரப்பு எவ்வளவு, இன்றைக்குத் தரையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். நாங்கள் போன ஓர் ஊரில் பாதி இடம் சுருங்கியிருந்தது. சிப்பாயைத் தேடப்போய் நிலத்தைக் கண்டுபிடித்தோம். கேட்கப் போனால் ஓர் அதிகாரி, "செத்தவங்களுக்கு எதுக்கு சார் சர்வே" என்றார். மனுவை எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம். ரசீது முக்கியம். பேங்க்காரன் சொல்றேன்.

சீமைக்கருவேலை வெட்ட ஜேசிபி கொண்டுவராதீர்கள். இலவசமாக அனுப்புகிறேன் என்று எந்த அரசியல்வாதி சொன்னாலும் வேண்டாம். மேடெல்லாம் ஒரே தரையாகிவிடும். அரிவாளும் கையும் போதும். மேட்டின் தலைமாடு எந்தத் திசை என்று குறித்துக்கொண்டு, குடும்பத்தைக் கேட்காமல் ஒரு கல்லும் நடாதீர்கள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். கல் நட்டா ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரியும்யா என்றார்கள். விட்டுவிட்டோம். நோட்டில் மட்டும் பெயர் இருக்கிறது.

கல்லில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள்ளேயே தகராறு. சாதியை எழுதணும் என்கிறார் ஒரு தோழர், எழுதினால்தான் யார் போனார்கள் என்று தெரியும் என்பது அவர் வாதம். செத்தவன் மேல மறுபடியும் அதை ஏத்தாதே என்கிறார் இன்னொருவர். நான் முதல் கட்சி. ஆனால் தீர்மானம் ஆகவில்லை. இப்போதைக்குப் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், படை, போன இடம், பிறந்த சேரி. கல்லுக்கும் எழுத்து வெட்டுக்கும் ஆகிற செலவைக் கூலி வேலை செய்கிற குடும்பத்தின் தலையில் வைக்காமல் நாம் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நோட்டு வாசலில் இருக்கிறது.

எங்க பூட்டனுக்கு இன்னும் கல் நடவில்லை. மெடல் கிடைக்கவில்லை, படை எண் தெரியவில்லை. பெயரும் மேடும் தெரியும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்போம். வெயில் ஏறுவதற்குள் ஒரு இடுகாட்டை முடிக்கணும். வருகிறவர்கள் அளவு நாடாவும் முழுக்கைச் சட்டையும் கொண்டு வாங்க, முள் கடுமையா இருக்கு.