ஊதச் சொல்லும் நேரம்

பெங்களூரின் ஈஜிபுரா பக்கம் சனிக்கிழமை ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். போலீஸ்காரர் கருவியை நீட்டி "ஊதுங்க" என்பார். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வழக்குதான்.

மறுநாள் குடும்பத்தோடு படகுச் சவாரிக்குப் போகிறோம். படகு ஓட்டுபவரை யார் ஊதச் சொல்வது?

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி ஒன்று உண்டு. வணிகப் படகில் பெரிய விபத்து நடந்தால், தொடர்புடைய பணியாளர்களுக்கு 2 மணி நேரத்துக்குள் மதுப் பரிசோதனை செய்ய வேண்டும். போதைப்பொருள் சோதனைக்கு 32 மணி நேரத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும். ஏன் இந்த அவசரம்? 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் மது குறைந்துகொண்டே போகும். மூன்று மணி நேரம் தாமதித்தால் 45 மில்லிகிராம் சாட்சி காணாமல் போய்விடும். போதைப்பொருளின் தடயமோ சிறுநீரில் நாள்கணக்கில் தங்கும். குடிக்காத ஓட்டுநர் மீது வீண்பழி விழாமல் காப்பதும் இதே சோதனைதான்.

நம் நாட்டிலும் படகு விபத்துகள் உண்டு. 2009 செப்டம்பர் 30, கேரளத்தின் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போயின. 2023 மே 7, அதே மாநிலத்தின் தானூரில் இன்னொரு படகு கவிழ்ந்து 22 உயிர்கள். தேக்கடியில் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தானூரில் ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். காரணம் எதுவானாலும், ஓட்டியவரின் நிதானத்தை முதல் மணி நேரத்திலேயே சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும். இங்கும் அது கட்டாயமாக வேண்டும்.

படகில் ஏறும்போது ஓட்டுநரிடம் மது வாடை வந்தால், தயங்காமல் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.