சீனப் பள்ளியில் ஆசிரியர் வேலை: கையெழுத்துக்கு முன் சில கேள்விகள்

(நாகபுரியில் நடந்த மாதாந்திர உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கல்வித் துறைக்காரன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 34 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் டெண்டர்களையும் ஒப்பந்தங்களையும் படிப்பதிலேயே கழிந்தது. எழுபதைத் தாண்டிய பிறகு அந்தப் பழக்கம் வீட்டுக் காரியத்துக்கு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் தங்கையின் பேத்தி ஒரு காகிதக் கட்டோடு வந்தாள். கணிதம் படித்து, பி.எட். முடித்து, இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியில் நான்கு வருஷம் பாடம் நடத்தியவள். சீனாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை, மாதம் 14,000 யுவான், ஒரு வருஷ ஒப்பந்தம். "தாத்தா, சம்பளம் ரொம்ப நன்னா இருக்கு. நீங்க ஒரு தடவை பாத்துட்டேள்னா அப்பா சரின்னுடுவார்" என்றாள். ராஜிநாமாக் கடிதம்கூடத் தயார். ஏஜெண்ட் இரண்டு லட்ச ரூபாய் கேட்டிருந்தார். ஒரு வாரம் கெடு.

நான் சம்பளத்தைப் பார்க்கவில்லை. "எந்த விசாவில் போகிறாய்?" என்றுதான் முதலில் கேட்டேன். வியாபார விசாவில் போய் இறங்கிவிட்டால், அங்கே போனபின் மாற்றிக் கொடுப்பார்களாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீனாவில் வேலை செய்ய, முதலில் பள்ளி அங்குள்ள அதிகாரிகளிடம் விண்ணப்பித்து, வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அதைக் காட்டித்தான் இங்கே இசட் விசா பெற வேண்டும். போய்ச் சேர்ந்த 30 நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வியாபார விசாவிலோ மாணவர் விசாவிலோ போய்ப் பாடம் நடத்துவது சட்டவிரோத வேலை. 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சீனக் குடிவரவுச் சட்டப்படி அதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானது என்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. பள்ளிக்கும் அபராதம் உண்டுதான். ஆனால் காவலில் உட்காரப் போவது நம் பெண்.

இன்னொரு விஷயம், மனசுக்குக் கஷ்டமானது. மொழி ஆசிரியராக வருபவர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. ஆங்கிலத்துக்கு நடைமுறையில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா நாட்டவரையே எடுக்கிறார்கள். ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவராக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் பள்ளிகளில் பாட ஆசிரியராகப் போவது வேறு விஷயம். அதற்கு நம் பி.எட்.டும் அனுபவமும் செல்லும். விதிவிலக்கு உண்டு என்று யாராவது சொன்னால், அது அனுமதிக் கடிதமாகக் கைக்கு வரட்டும்.

இரண்டாவது கேள்வி, வேலை கொடுப்பது யார்? பள்ளியா, பயிற்சி நிலையமா, ஆள் அனுப்பும் கம்பெனியா? 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்குள்ள டியூஷனுக்குத் தடை போட்டது. ஏராளமான நிலையங்கள் மூடப்பட்டன. ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் வேலை அனுமதியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அனுமதியில் பெயர் இல்லாத வேறொரு பள்ளிக்கு அனுப்பினால் அதுவும் சட்டவிரோதமே. நிறுவனத்தின் 18 இலக்கப் பதிவுக் குறியீட்டைக் கேளுங்கள். சிவப்பு வட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கையெழுத்தைவிட முத்திரைக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது, எந்த மொழிப் பிரதி செல்லும்? முரண்பாடு வந்தால் சீன மொழிப் பிரதியே செல்லும் என்று ஒரு ஷரத்து கடைசிப் பக்கத்தில் இருந்தது. சீனப் பிரதியை வாங்கி, ஷாங்காயில் வேலை பார்த்த என் பழைய சகாவின் பிள்ளையிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் வாரம் 25 பீரியட் என்று மட்டும் இருந்தது. சீனத்தில், பள்ளி சொல்லும்போது வார இறுதியிலும் வர வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். தகுதிகாண் காலம் ஆங்கிலத்தில் ஒரு மாதம், சீனத்தில் மூன்று மாதம்! 2008 முதல் அமலில் உள்ள சீன உழைப்பு ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நான்காவது, விலகினால் என்ன? அவள் நடுவில் விலகினால் 20,000 யுவான் கட்ட வேண்டும். பள்ளி அவளை நீக்கினால் ஒரு வார நோட்டீஸ் போதும். அதே சட்டம், பயிற்சிச் செலவு, போட்டி நிறுவனத்தில் சேருதல் இந்த இரண்டுக்குத் தவிர ஊழியரிடம் இப்படி நஷ்ட ஈடு கேட்கக் கூடாது என்கிறது. ஆனால் வெளிநாட்டவர் வழக்கில் சில ஊர் நீதிமன்றங்கள் ஒப்பந்தத்தில் எழுதியதையே எடுத்துக்கொள்கின்றன. ஆகையால் 'சட்டம் பார்த்துக்கொள்ளும்' என்று இருக்காதீர்கள். கையெழுத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். 'பாதுகாப்புக்காக' பாஸ்போர்ட்டைப் பள்ளியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. ஊழியரின் அடையாள ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்பது அச்சட்டத்தின் 9-வது பிரிவு. விசா, பதிவு வேலைகளுக்குச் சில நாள் கொடுப்பது வேறு, பீரோவில் பூட்டி வைப்பது வேறு.

கடைசியாகத்தான் சம்பளம். கோடை விடுமுறை இரண்டு மாதமும் சம்பளம் கிடையாது என்றிருந்தது. அப்படியானால் வருஷத்துக்கு 1,40,000 யுவான். மாதம் 12,000 என்று 12 மாதமும் தருகிற பள்ளி 1,44,000 தருகிறது! வீடு கொடுக்கவில்லை. ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்துக் கேட்பது அங்கே பரவலான வழக்கம். முதல் சம்பளம் வருமுன் அதைக் கையிலிருந்து போட வேண்டும். விமானக் கட்டணத்தை ஒப்பந்தம் முடிந்தபின் தருவார்களாம். மாதம் 5,000 யுவான் கழிவு போக மீதிக்கு வருமான வரியும் உண்டு. சொன்ன தொகை வரிக்கு முன்னா, பின்னா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? இரண்டுக்கும் காகிதத்தில் பதில் இல்லை.

ஏஜெண்ட் விஷயம் சுருக்கமாக. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம் கேட்டவர் பெயர் அங்கே இல்லை.

இந்தக் கேள்விகளை அவளே பணிவாக எழுதி அனுப்பினாள். பள்ளியிலிருந்து பதில் வரவில்லை. ஏஜெண்டிடமிருந்து வந்தது: "இவ்வளவு சந்தேகம் இருந்தால் இந்த இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறார்கள்." ராஜிநாமாக் கடிதம் கொடுக்கப்படவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "தாத்தா என் சான்ஸைக் கெடுத்துட்டார்" என்று தங்கையிடம் சொன்னாளாம். எனக்கும் உறுத்தல் இருந்தது. வயதானவர்களின் பயத்தைக் குழந்தைகள் தலையில் கட்டுகிறோமோ என்று இரவில் யோசித்ததுண்டு. போக வேண்டாம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போ என்றுதான் சொன்னேன்.

போன மாதம் அவளே போன் செய்தாள். வேறொரு பள்ளி, இந்தத் தடவை கணித ஆசிரியை வேலை. "தாத்தா, கடைசிப் பக்கத்திலேர்ந்து படிச்சேன். வேலை அனுமதிக் கடிதம் வந்தப்புறம்தான் டிக்கெட்டுன்னு அவாளே எழுதியிருக்கா. விலகற ஷரத்து மட்டும் இடிக்கறது, திருத்திக் கேட்டிருக்கேன்" என்றாள். சம்பளம் எவ்வளவு என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

நம் உறுப்பினர் குடும்பங்களில் யாருக்காவது இப்படி ஒரு காகிதம் வந்திருந்தால், தயங்காமல் கொண்டு வாருங்கள். கண்ணாடியும் பென்சிலும் தயாராக இருக்கின்றன.