கிடைக்காவலர் பெற்ற நற்செய்தி

(திருவருகைக் காலத்தில் நடைபெற்ற சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்து பிறப்பின் ஆன்மிகப் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார். நாம் போதகர் அல்லர், பள்ளி ஆசிரியர். இக்கூட்டத்தில் கத்தோலிக்கர் இருக்கிறீர்கள், தென்னிந்தியத் திருச்சபையார் இருக்கிறீர்கள், ஞானஸ்நானம் பெறாத நம் உறவின்முறையாரும் சரிபாதி இருக்கிறீர்கள். ஆகையால் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும் ஓரிடத்திலிருந்து தொடங்குவது நலம். அந்த இடம் ஓர் ஆட்டுக்கிடை.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் கோயிலில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாடகம் நடக்கும். வேடங்களைப் பங்கிடும் நாளில் எவருக்கு எது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. சிவந்த மேனிப் பெண் பிள்ளைகள் வெள்ளைச் சேலையும் ஜிகினாச் சிறகும் கட்டித் தேவதூதர் ஆவார்கள். மரியாள் வேடம் பெரிய தெருவுக்கு. நம் தெருப் பிள்ளைகள் மேய்ப்பர்கள். மிஞ்சியவர்கள் ஏரோதின் சேவகர்கள். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நாம் தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேய்ப்பராக நின்றோம். பேசுவதற்கு இரண்டே சொற்கள்: "போவோம், வாருங்கள்." அதைக்கூட நால்வரும் ஒன்றாகச் சொல்ல வேண்டும், தனித்துச் சொல்லலாகாது. ஐந்தாம் ஆண்டு, யோசேப்பு வேடம் வேண்டும் என்று கேட்டோம். கேட்டதற்குச் சிரித்தார்கள். திட்டியிருந்தால் மறந்திருப்போம், அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

அந்த வருத்தத்தோடு பல ஆண்டுகள் இருந்துவிட்டுப் பின்னர் ஒரு நாள் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை, பாடப் புத்தகத்தைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தோம். படித்தபின் வருத்தம் வியப்பாயிற்று. அந்த இரவில் தேவதூதர் மரியாளிடம் வரவில்லை, யோசேப்பிடமும் வரவில்லை. குழந்தை பிறந்த வீட்டின் மேல் எந்த ஒளியும் தோன்றியதாக லூக்கா எழுதவில்லை. ஒளி தோன்றியது வயல்வெளியில். செய்தி சொல்லப்பட்டது இராக்காவல் காத்த கூலிக்காரர்களிடம். அவர்கள் போய்ச் சொன்ன பிறகே, தன் குழந்தையைப் பற்றி வானத்திலிருந்து என்ன சொல்லப்பட்டது என்பது பெற்ற தாய்க்குத் தெரியவருகிறது. கேட்டவர்கள் வியந்தார்கள், மரியாளோ அதைத் தன் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள். ஆக, கிறித்தவ சமயத்தின் முதல் பிரசங்கிகள் கிடைக்காவலர்கள்! முதலில் கேட்டவர்களுள் ஒருத்தி இயேசுவின் தாய். நம் நாடகத்திலோ அவர்களுக்கு இரண்டு சொற்கள்.

இங்கே ஒன்றைக் கூறிவைத்தல் நேர்மையாகும். மேய்ப்பர்கள் யூத நாட்டின் தீண்டத்தகாதார் என்றும், அவர்கள் சாட்சியம் வழக்குமன்றத்தில் செல்லாது என்றும் சில பிரசங்கியார்கள் கூறுவர். அதற்குக் காட்டப்படும் சான்றுகள் பின்னாளில் எழுதப்பட்டவை. தாவீது அரசனும் அதே பெத்லகேமில் ஆடு மேய்த்தவனே. இல்லாத சாதியை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டா. அந்தச் சரக்கு இங்கேயே போதுமான அளவு உள்ளது. பிறர் உறங்கும்போது விழித்திருக்க வேண்டிய தொழில், பனியில் கூரையின்றிக் கிடக்க வேண்டிய தொழில் என்ற அளவே போதும். நம் பாட்டன்மார் களத்து நெல்லுக்குக் காவல் கிடந்தார்கள். ஏரி மதகில் நீர் காத்தார்கள். தலையாரியாக ஊரைச் சுற்றி வந்தார்கள். அந்த நெல்லும் அந்த நீரும் அவர்களுடையவை அல்ல. பெத்லகேம் வயலில் இருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நமக்கு விரிவுரை செய்து விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, பிறந்த இடம். நாம் மாட்டுத்தொழுவம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். குடிலில் மாட்டையும் கழுதையையும் நிறுத்துகிறோம். அவை ஏசாயா தீர்க்கதரிசியின் நூலிலிருந்து குடிலுக்கு வந்தவை, லூக்காவில் இல்லை. 1223 ஆம் ஆண்டு இத்தாலியில் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு குடில் அமைத்துக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். நம் வீட்டுத் திண்ணைகளில் காகிதத்தைக் கசக்கிக் குகை செய்யும் வழக்கம் அந்த மரபில் வந்தது.

லூக்கா சொல்வது முன்னணையை மட்டுமே. கால்நடைக்குத் தீனி வைக்கும் தொட்டி அது. சத்திரத்தில் இடமில்லை என்று தமிழில் படிக்கிறோம். லூக்கா எழுதிய கிரேக்கத்தில் அவ்விடத்தில் உள்ள சொல் 'கட்டலுமா'. இயேசு தம் சீடரோடு கடைசி இராப்போசனம் உண்ட வீட்டு அறைக்கும் லூக்கா இதே சொல்லைத்தான் எழுதுகிறார். நல்ல சமாரியன் கதையில் காசு கொடுத்துத் தங்கும் சத்திரம் வருகிறதல்லவா, அங்கே அவர் எழுதும் சொல் வேறு: 'பண்டோகெயோன்'. ஆதலால் வேதநூல் அறிஞர் பலர், இங்கே கூறப்படுவது சத்திரம் அன்று, ஒரு வீட்டில் விருந்தினர் தங்கும் அறை என்று கொள்கின்றனர். பாலஸ்தீனத்து ஏழைக் குடியானவர் வீடு ஒற்றை அறை கொண்டது. மேட்டில் மனிதர் படுப்பர். தாழ்ந்த பக்கத்தில் இரவு நேரத்தில் ஆடுமாடுகளைக் கட்டுவர். விருந்தறை நிரம்பிவிட்டது, ஆகவே பிள்ளையைத் தீனித்தொட்டியில் கிடத்தினார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு நம் வீடு நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகும். ஆட்டுக்குட்டிகளை உள்ளே கொண்டுவந்து கட்டுவாள் அம்மா. அடுப்புக்கும் ஆட்டுக்கும் நடுவில் எங்கள் பாய். உறவினர் வந்துவிட்டால் அந்தப் பாயும் இல்லை. கதவைச் சாத்திய கல்நெஞ்சச் சத்திரக்காரன் ஒருவனை நாடகங்கள் படைத்திருக்கின்றன. லூக்காவில் அப்படி ஒருவன் இல்லை. இருந்தது, ஏழைகளின் நெருக்கடி நிறைந்த ஒரு வீடு. அங்கே இன்னும் ஒருவருக்கு இடம் பண்ணினார்கள். அத்தகைய வீட்டில் கடவுள் பிறந்தார் என்பதே கிறிஸ்துமஸ் நம்பிக்கை. நம்மை மேலே ஏறி வா என்று அவர் அழைக்கவில்லை. தாம் இறங்கி வந்தார். வந்தவர் நம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் விருந்தினராக வரவில்லை. நாற்பதாம் நாள் தேவாலயத்தில் அவர் பெற்றோர் ஆட்டுக்குட்டி படைக்கவில்லை. ஒரு சோடி புறாவுக்குரிய காணிக்கையே படைத்தனர். ஆட்டுக்குட்டிக்கு வகையில்லாதவர்களுக்கு மோசேயின் சட்டம் தந்த சலுகை அது. சலுகையில் பெயர் எழுதப்பட்ட குடும்பம்!

பெயர் எழுதுவது என்றதும் இன்னொன்று. இந்தப் பிறப்பு நடந்ததே ஒரு பதிவேட்டின் காரணமாகத்தான். அகுஸ்து இராயன் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான்; நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு யோசேப்பு தன் முன்னோர் ஊருக்குப் போனான். பதிவேடு ஏழையை எப்படி அலைக்கழிக்கும் என்பதைப் பள்ளி அலுவலக மேசைக்குப் பின்னால் அமர்ந்து நாம் நெடுங்காலம் கண்டிருக்கிறோம்.

ஓர் ஆண்டு சனவரி முதல் வாரம், அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வாழையிலையில் அதிரசமும் முறுக்கும் சுற்றிக்கொண்டு நம் அறைக்கு வந்தான். "ஐயா, எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம்" என்றான். எட்டாம் வகுப்பில் படித்த அவன் அக்காள் பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "இல்லைங்க ஐயா, அது பொங்கல் பலகாரம்" என்றாள். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே பொங்கல் பலகாரமா என்று நாம் கேட்கவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அவ்விருவருக்கும் எழுதப்பட்டிருந்த மதம் எது என்பது நமக்குத் தெரியும். தெரியும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். வாங்கிக்கொண்டோம். "நன்றாயிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றோம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் நினைப்பதுண்டு.

அந்தப் பெண் ஏன் பயந்தாள் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1950 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைக் கைக்கொள்பவரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்றது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சமயத்தைக் கொண்டு பிரித்தல் கூடாது என 2007 இல் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022 இல் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டில் நம்மவர் ஞானஸ்நானம் பெற்றால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். தெரு மாறுவதில்லை, சுடுகாடு மாறுவதில்லை, பெரிய தெருக்காரர் அழைக்கும் முறையும் மாறுவதில்லை. சான்றிதழ் மட்டும் மாறுகிறது. ஆகவே ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மதம், தம்பிக்கு ஒரு மதம். கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். வாசலில் நட்சத்திரம் கட்ட அஞ்சும் வீடுகள் உண்டு.

இப்படி இருப்பவர்களை விசுவாசத்தை மறுதலித்தவர்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து ஏசுவோர் உளர். அவர்கள் ஒரு நாள் வட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரத்தில் பிள்ளையோடு நின்று பார்த்துவிட்டு ஏசட்டும். மத்தேயுவைப் படித்தால், அந்தக் குழந்தையையும் பெற்றோர் இராவோடு இராவாக எகிப்துக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள் என்றே இருக்கிறது. ஒளிந்து வாழ வேண்டியிருந்த குழந்தையின் பிறந்தநாளை ஒளித்துக் கொண்டாடுவோரை அவர் ஏளனம் செய்வார் என்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒளித்தே வாழ்வதில் ஒரு பிள்ளையின் நெஞ்சுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அந்த அக்காளின் முகத்தில் கண்டோம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருச்சபைக்குள்ளும் கணக்கு உண்டு. 1833 ஆம் ஆண்டிலேயே கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் அதற்கு இணங்காமல் சபையை விட்டு விலகினவர்கள் பலர். ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிட வெளியேறுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது. முன்னணையை வணங்குவோம், முன்னணைக்காரரோடு அமரமாட்டோம் என்றால் அது என்ன வணக்கம்?

டிசம்பர் 25 என்னும் நாளைப் பற்றியும் ஒரு சொல். அது வேதத்தில் இல்லை. உரோமாபுரியில் கி.பி. 354 இல் தொகுக்கப்பட்ட பஞ்சாங்கம் ஒன்றில்தான் அந்நாள் முதன்முதலாகத் தெளிவாகக் காணப்படுகிறது. ஆர்மீனியர் சனவரி 6 இல் கொண்டாடுகின்றனர். நாள் எதுவாயினும் கேடில்லை. ஆயினும் நமக்கு அந்நாள் வெறும் பஞ்சாங்க நாளாக இருத்தல் இயலாது. 1968 டிசம்பர் 25 இரவு, புத்தாடை உடுத்தி விருந்துண்டு நாடெங்கும் கிறித்தவர் உறங்கப் போன வேளையில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நெல் கூலியில் சிறு உயர்வு கேட்ட, செங்கொடிச் சங்கத்தைச் சேர்ந்த கூலி விவசாயக் குடும்பங்கள் அவை. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையாயினர்.

மத்தேயு, கிறிஸ்து பிறப்பை எழுதிய கையோடு பெத்லகேமின் குழந்தைகளை ஏரோது வெட்டியதையும் எழுதினார். கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28 ஐ, மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகத் திருச்சபை கொண்டாடுகிறது. தொட்டிலையும் கொலையையும் பிரிக்காமல் வைத்தவர்கள் பழைய கிறித்தவர்கள். ஆனால் டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியின் பெயரைச் சொன்ன ஒரு பிரசங்கத்தை நாம் இதுவரை கேட்டதில்லை. மாண்டவர்கள் கிறித்தவர்கள் அல்லரே என்று ஒருவர் நம்மிடம் காரணம் கூறினார். பெத்லகேமில் மாண்ட குழந்தைகளும் கிறித்தவர்கள் அல்லர். இவ்வாண்டு கீதபவனி நம் தெருவுக்கு வந்ததும், பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் விளக்கை அணைத்து அமைதியாக நிற்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத நம் உறவின்முறையாரும் அதில் வந்து நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இறுதியாக, இளைஞர்கள் நம்மிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். இவ்வாண்டு நாடகத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதியாயிற்று. அதில் சத்திரக்காரன் கிடையாது. மேய்ப்பர்கள் நால்வருக்கும் தனித்தனியே வசனம் உண்டு. மூன்றாம் மேய்ப்பனுக்கு இரண்டு பக்கம். மரியாள் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். யார் எந்த வேடம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்போம். ஒத்திகை சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நம் இரவுப் பாடசாலைக் கூடத்தில். கம்பளி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.