அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால்...

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த மேடையில் உபன்யாசம் கேட்டிருக்கிறோம், கச்சேரி கேட்டிருக்கிறோம். "இந்தத் தடவை நீங்கள் ஏதாவது பேசுங்கோ" என்று செக்ரட்டரி சொன்னபோது, "எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான்" என்றேன். "அதையே பேசுங்கோ" என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்றைக்கு உங்களுக்கு வந்திருக்கும் கஷ்டத்துக்கு நான் பொறுப்பல்ல!

மும்பையில் முப்பத்திரண்டு வருஷம் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் நான். ஒன்பது, பத்தாம் வகுப்புக் குழந்தைகள் எதில் தடுக்கி விழுகிறார்கள் என்று கேட்டால், அல்ஜீப்ரா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்த்தவரையில், பின்னங்களைக் கூட்டுவதிலும் கழிப்பதிலும்தான். ஆறாம் வகுப்பிலேயே முடித்த பாடம் என்று நினைத்து, நாமும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு. போர்டில் 1/2 + 1/3 என்று எழுதி அவனைக் கூப்பிட்டேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. 2/5 என்று எழுதினான். வகுப்பு சிரித்தது. நான் சிவப்புச் சாக்பீஸால் அடித்துவிட்டு, "எல்.சி.எம். எடுக்கத் தெரியாதா? பத்துத் தடவை எழுதிக்கொண்டு வா" என்றேன்.

அவன் போகவில்லை. "டீச்சர், ப்ராக்ரஸ் கார்டில் நீங்கள் இப்படித்தானே கூட்டுகிறீர்கள்? டெஸ்டில் 15/20, பரீட்சையில் 60/80, மொத்தம் 75/100 என்று போடுகிறீர்களே?" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் வராதபோது நாம் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம், போய் உட்கார்" என்றேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வியே கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ப்ராக்ரஸ் கார்டில் 15/20 என்றால் இருபதுக்குப் பதினைந்து. அடுத்தது எண்பதுக்கு அறுபது. இரண்டும் வெவ்வேறு முழுமைகள். அவை சேர்ந்து நூறு என்ற மூன்றாவது, பெரிய முழுமை உண்டாகிறது. அதனால் அங்கே கீழேயும் கூட்டுகிறோம். பின்னக் கணக்கில் அப்படியில்லை. ஒரே அளவுள்ள தோசையில் பாதி, அதே அளவுள்ள தோசையில் மூன்றில் ஒரு பங்கு. முழுமை மாறவே இல்லை. ஆனால் இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரி! நாம் சொல்லிக் கொடுக்காவிட்டால் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இப்போதெல்லாம் நான் முதலில் எல்.சி.எம். என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. "அரைத் தோசை உன் தட்டில் இருக்கிறது. அம்மா இன்னும் மூன்றில் ஒரு பங்கு போடுகிறாள். 2/5 என்றால் அரையை விடக் குறைச்சல் ஆயிற்றே, போடப் போடக் குறையுமா?" என்று கேட்பேன். குழந்தை தானாகவே "தப்பு டீச்சர்" என்று சொல்லும். பிறகு தோசையை ஆறு துண்டாகப் போடச் சொல்வேன். பாதி என்றால் மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு துண்டு. ஆக ஐந்து துண்டு, 5/6. இரண்டு பேருக்கும் பொதுவான துண்டு எது என்று தேடுவதுதான் எல்.சி.எம்., அதாவது மீச்சிறு பொது மடங்கு.

இதெல்லாம் நம் பாட்டிமார்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். ஒரு படிக்கு இரண்டு உரி, நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. உரியும் உழக்கும் சேர்ந்தால் எவ்வளவு என்றால் ஆறு ஆழாக்கு, முக்கால் படி என்று வந்துவிடும். 1957 ஏப்ரலில் நயா பைசா வரும் வரை ரூபாய்க்குப் பதினாறணா. அரை ரூபாயும் கால் ரூபாயும் எட்டணா, நாலணா ஆகி, பன்னிரண்டணா ஆகிவிடும். இங்கே மும்பை மார்க்கெட்டில் பாவ் கிலோ, அர்த்தா கிலோ, பாவுண் கிலோ என்று கேட்கிற பையன், 250 கிராமும் 500 கிராமும் 750 கிராம் என்று நொடியில் சொல்வான். அவனே நோட்டில் 1/4 + 1/2 = 2/6 என்று எழுதுவான்!

நம் பழைய எண்சுவடியைப் பாருங்கள். மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. அந்த 1/16-க்குப் பெயர் என்ன? மாகாணி! கூட்டல் கணக்கே பெயராக நிற்கிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாமே முந்திரி என்கிற 1/320-இன் முழு மடங்குகள். பொதுத் துண்டை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள்.

ஸம்ஸ்கிருதத்தில் 628-இல் பிரம்மகுப்தர் பின்னங்களைக் கூட்டும் விதியைச் சொன்னார். 2024-இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புப் புத்தகமான 'கணித பிரகாஷ்' அவர் பெயரைச் சொல்லியே இந்த முறையைக் கற்பிக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் இருந்த மகாவீராசாரியர், தம் 'கணித ஸார ஸங்கிரஹ'த்தில் பின்னங்களுக்குத் தனி அத்தியாயமே எழுதினார். அதன் பெயர் 'கலாஸவர்ணம்'. பின்னங்களை ஒரே வர்ணமாக்குவது! சென்னையில் எம். ரங்காசாரியர் அந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்து, 1912-இல் வெளிவந்தது. வர்ணம் ஒன்றானால்தான் கூட்ட முடியும் என்பதை இவ்வளவு அழகாக ஒரே சொல்லில் எந்தப் பாடப்புத்தகம் சொல்கிறது?

கழித்தலுக்கு நான் கடிகாரத்தை எடுப்பேன். 3 1/4 இலிருந்து 1 2/3 போக என்ன? குழந்தைகள் 3/12-இலிருந்து 8/12 போகாது என்று, திருப்பி 8-இலிருந்து 3-ஐக் கழித்து 2 5/12 என்று எழுதிவிடுவார்கள். "மூணேகால் மணி நேர சினிமா. ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. பாக்கி?" என்றால், ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம் என்று வந்துவிடும். ஒரு முழு மணியை அறுபது நிமிஷமாக உடைத்தாய் அல்லவா, அது மாதிரி இங்கே ஒரு முழுமையை 12/12 ஆக உடை. 2 15/12 கழித்தல் 1 8/12. விடை 1 7/12. முப்பத்தைந்து நிமிஷம் என்பதும் ஒரு மணியில் 7/12 தானே!

"கால்குலேட்டர் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். பத்தாம் வகுப்பு ஃபிஸிக்ஸில் 2 ஓம், 3 ஓம் இரண்டு ரெஸிஸ்டரை இணையாகப் போட்டால் 1/2 + 1/3 தான் கணக்கு. 5/6 வந்து, திருப்பினால் 1.2 ஓம். பழைய 2/5 போட்டால் 2.5 ஓம் வரும். இணையாகப் போட்டால் சின்னதை விடவும் குறைய வேண்டும் என்ற விஷயமே அடிபட்டுப் போகிறது. அல்ஜீப்ராவில் 1/x + 1/(x+1) வந்தால் அதே பையன் 2/(2x+1) என்று எழுதுவான். ஆறாம் வகுப்பு ஓட்டை பத்தாம் வகுப்பில் ஒழுகுகிறது.

அந்தப் பையனைச் சில வருஷம் முன்பு பார்த்தேன். ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான். முக்கால் இஞ்ச் பைப், ஒன்றரை இஞ்ச் பைப் என்று பத்துப் பன்னிரண்டு சாமான்களுக்கு மனசிலேயே பில்லைக் கூட்டினான். "நன்றாகக் கணக்குப் போடுகிறாயே" என்றேன். "இது வியாபாரம் டீச்சர். கணக்கு எனக்கு எப்பவுமே வராதே" என்று சிரித்தான். ப்ராக்ரஸ் கார்டு கேள்வி அவனுக்கு ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. எனக்கு தைரியம் வரவில்லை.

அதனால்தான் நம் சங்கக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவசமாகக் கணக்கு வகுப்பு நடத்துகிறேன். நம் வீட்டுக் குழந்தைகளும் வருகிறார்கள், நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் குழந்தைகளும் வருகிறார்கள். என் ஒருத்தியால் முடியவில்லை. ரிடையர் ஆன இன்ஜினியர்கள், பாங்க் ஆபீசர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வாருங்கள்.

வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தை தப்பாக விடை எழுதினால் உடனே அடிக்காதீர்கள். "இது எப்படி வந்தது, சொல்லு" என்று முதலில் கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, அடுத்த வாரம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொல்லத் தவறிய வாக்கியம் அதுதான்.