தொடு உணர்வைத் தூரத்துக்கு அனுப்பலாமா?
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



உயிர்களை அறிவால் ஆறாக வகுத்த தொல்காப்பியர், முதலாவதாக வைத்தது தொட்டு அறியும் அறிவை. அந்த முதல் அறிவைத் தூரத்துக்கு அனுப்புவதுதான் இன்று விஞ்ஞானிகளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

படமும் குரலும் இணையத்தில் வருகின்றன, தினமும் பார்க்கிறோம். தொடு உணர்வு வருமா? 2002 அக்டோபரில் லண்டனில் ஒருவரும் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஒருவரும் இணையத்தின் வழி ஒரு பெட்டியைச் சேர்ந்து தூக்கினார்கள். பெட்டி கணினிக்குள் இருந்த வெறும் உருவம்தான். ஆனால் பேனா போன்ற கருவியைப் பிடித்திருந்த இருவருக்கும், மற்றவர் தள்ளுவது கையிலே தெரிந்தது!

இதில் என்ன சிரமம் என்கிறீர்களா? இரண்டு பேர் மேசை தூக்கும்போது ஒருவர் பிந்தினால் மேசை ஆடும், இல்லீங்களா? அதே கதைதான். கண்ணுக்கு வினாடிக்கு 30 படம் இருந்தால் போதும். கை அப்படி ஏமாறாது. கெட்டியான பொருளைத் தொடுவதாக உணர, வினாடிக்குச் சுமார் 1,000 முறை விசை மாற வேண்டும். ஒளியே கண்ணாடி இழையில் 5,000 கிலோமீட்டர் போவதற்கு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு பிடிக்கிறது. அதற்குள் கை 25 முறை பதில் கேட்டுவிடும்!

ஆகவே இரு பக்கமும் உள்ள கணினியில் அதே பெட்டியின் நகலை வைக்கிறார்கள். தொட்டவுடன் பக்கத்துக் கணினியே பதில் தந்துவிடும். வழியில் தொலைந்த செய்தியை மறுபடி கேட்டுக் காத்திருப்பதில்லை. அடுத்து வரும் புதுச் செய்தியே போதும். தாமதமும் சீராக இருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் பிந்தும் பஸ்ஸைச் சமாளிக்கலாம்; ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் இருபது என்றால் என்ன செய்வது? அதனால் செய்திகளைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, ஒரே சீராக விடுகிறார்கள்.

பெற்றோர்களே, “நாங்க படிக்காதவங்க, கைவேலைக்காரங்க” என்று சொல்லாதீர்கள். பால் வெட்டும்போது மரத்துக்குக் காயம்படாமல் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கண்ணா சொல்கிறது? கைதானே சொல்கிறது! விஞ்ஞானிகள் ஆயிரம் கணக்குப் போட்டுப் பிடிக்கப் பார்ப்பதும் அந்தக் கையறிவைத்தான்.

மாணவர்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் சொல்கிறேன். கணக்கையும் அறிவியலையும் பயந்து ஒதுக்காதீர்கள். வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவின் கையைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கைக்குத் தெரிந்ததை உலகுக்கு எடுத்துச் சொல்லும் படிப்பு உங்களுக்கு வர வேண்டும்.