கடன் கடிதம் கைக்கு வந்தபின்

வீட்டுக் கடனுக்கு அனுமதி அளித்து வங்கி எழுதும் கடிதம் பணமன்று. நிபந்தனைகளுக்கு உட்பட்ட வாக்குறுதியே ஆகும். பெங்களூரிலோ மும்பையிலோ வீடு வாங்கும் நம்மவர்க்குக் கடிதம் ஆங்கிலத்திலும், பத்திரம் கன்னடத்திலோ மராத்தியிலோ வருதல் இயல்பு. விளங்காத மொழியில் இட்ட கையொப்பமும் நம்மைக் கட்டுப்படுத்தும்.

ஆதலின், முதலில் கடனின் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். அதனைக் கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் எழுதித் தந்து, விளக்கவும் வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதி. அவ்வறிக்கை குறைந்தது 3 வேலை நாட்களுக்குச் செல்லும். அதற்குள் ஆராயுங்கள்: வட்டி நிலையானதா, மாறுவதா? கட்டணங்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு ஆகிறது?

அடுத்து, மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் அவ்வூர் மொழியறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வங்கியின் வழக்கறிஞர் காப்பது வங்கியின் நலனை. நமக்கென ஒருவர் வேண்டும். அவர் இசைந்த பின்னரே விற்பவருக்குப் பெருந்தொகை கொடுங்கள்.

வங்கியில் ஒப்படைக்கும் பத்திரங்களுக்குப் பட்டியல் எழுதி வாங்குங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அவற்றை வங்கி திருப்பித் தரவேண்டும்.

கேட்பதற்கு நாணாதீர்கள்; பல்லாண்டுகள் தவணை செலுத்தப்போகிறவர் நீங்களே.