ராசா கிடாவும் நாற்பது பக்க நோட்டும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வெள்ளாடு வளர்ப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. ஆடு வளர்க்க உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறது, கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். அதனால நம்ம குழு அக்கா ஒருத்தங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, யாரும் திரும்பிப் பார்க்காதீங்க!

அந்த அக்காவை மூணாம் வகுப்போட நிறுத்தி, அடுத்தவங்க ஆட்டை மேய்க்க அனுப்பிட்டாங்க. ஆனா ஆடுன்னா அவங்களுக்கு உயிர். தாய் செத்துப்போன ஒரு பெட்டைக் குட்டியை, பால் புட்டியில ஊட்டி, மடியில படுக்க வச்சு வளர்த்தாங்க. அது பெருசானதும் ஆட்டுக்காரர் ஒருநாள் காலையில வியாபாரிகிட்ட பிடிச்சுக் கொடுத்துட்டார். அவர் ஆடு, அவர் விற்றார். யாரைக் கேட்க முடியும்? என்னைக்காவது நம்ம பேருல ஒரு பட்டி இருக்கணும்னு அன்னைக்கே நினைச்சாங்களாம்.

குழுவுல சேர்ந்து மூணாவது வருஷம் உள்கடன் கேட்டாங்க. "ஆடு செத்துப்போனா பணம் எப்படித் திரும்பும்?" என்று ரெண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கடன் கிடைச்சு மூணு கன்னி ஆடு வாங்கினாங்க. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் உள்ளவங்களுக்குத் தெரியும், கருப்பு உடம்பு, முகத்துல ரெண்டு கோடு. கோடு வெள்ளையா இருந்தா பால்கன்னி, செவலையா இருந்தா செங்கன்னி. நம்ம வெயிலுக்குத் தாங்கும், பெரும்பாலும் ரெட்டைக்குட்டி போடும். அக்கா சந்தைக்குப் போகலை. தெரிஞ்ச வீட்டுல, தாயையும் பார்த்து, குட்டியையும் பார்த்து வாங்கினாங்க. அது சரியான வேலை.

முதல் ஈத்துல ஒரு கிடாக்குட்டி பிறந்தது. அதுக்கு ராசான்னு பேர். அப்படி ஒரு அழகு. கறிக்கடைக்காரர் மூணு தடவை வந்து நல்ல விலைக்குக் கேட்டும் அக்கா கொடுக்கலை. பட்டிக்கு அதுதான் பொலிகிடா ஆச்சு. ராசா தன் தாயோடயும் சேர்ந்தது, கூடப்பிறந்த பெட்டையோடயும் சேர்ந்தது, பிறகு தனக்குப் பிறந்த பெட்டைகளோடயும் சேர்ந்தது.

மூணாவது வருஷம் குட்டிகள் எலி மாதிரி பிறந்துச்சு. சிலது எழுந்து நின்று பால் குடிக்கவே தெம்பு இல்லை. அந்த வருஷம் பிறந்த பதினொண்ணுல அஞ்சு செத்துப்போச்சு. கண்ணேறுன்னு நினைச்சு அக்கா கருப்புக் கயிறு கட்டினாங்க. தவணை நின்னுபோச்சு. குழுவுல முகம் கொடுத்துப் பேசக்கூட ஆள் இல்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்தக் குட்டிக்கு அப்பன் யாரு?" பட்டியில எல்லாத்துக்கும் ராசாதான்னு சொன்னாங்க. "ராசாவுக்குத் தாய் யாரு?"ன்னார். அவருக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

இதுல என் தப்பும் உண்டு. சமூகப் பணி படிச்சவ நான். மாசாமாசம் அந்த வீட்டுக்குப் போய், அக்கா கொடுத்த டீயைக் குடிச்சு, தலையை எண்ணி, "ஆடுகள் நலம், தவணை சரி"ன்னு அறிக்கை எழுதினேன். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்கலை.

ராசாவைக் கறிக்குக் கொடுக்க அக்காவுக்கு மனசு வரலை. கொடுக்கவும் வேண்டியதில்லைன்னு மருத்துவர் சொன்னார். அதுகிட்ட ஒரு குறையும் இல்லை, சொந்தம் இல்லாத பட்டியில அது நல்ல கிடாதான். நாலு ஊர் தள்ளி இன்னொரு கன்னி ஆட்டுப் பட்டியைத் தேடிப் பிடிச்சு, ராசாவைக் கொடுத்து அங்கேயிருந்து ஒரு கிடா மாத்திக்கிட்டோம். வேனில் ஏத்தும்போது அக்கா வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

அதுக்குப் பிறகுதான் நோட்டு வந்தது. மகள் எட்டாம் வகுப்பு, அவதான் எழுதுவா. ஆட்டுக்கு ஒரு பக்கம். தாய், தகப்பன், பிறந்த தேதி, பருவத்துக்கு வந்த நாள், கிடா சேர்த்த நாள், எல்லாம் இருக்கும். கிடா சேர்த்து 21 நாள்ல திரும்பக் கத்தினா சினை பிடிக்கலைன்னு அர்த்தம். பிடிச்சிருந்தா சுமார் 150 நாள்ல குட்டி. தேதி கையில இருந்தா ஈனுற அன்னைக்கு ஆள் பக்கத்துல இருக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள்ள குட்டிக்குச் சீம்பால் கொடுத்திடலாம். மூணு மாசத்துல கிடாக்குட்டியைத் தனியாப் பிரிக்கிறாங்க. மழைக்கு முன்னாடி துள்ளுமாரி ஊசி, ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தனி ஊசி, ரெண்டுக்கும் தேதி எழுதியாகுது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடாவை மாத்துறாங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

இப்ப வாங்க வர்ற ஆளே வேற. கறிக்கடைக்காரர் எடையைப் பார்த்து விலை சொல்லுவார். வளர்க்க வாங்குறவங்க நோட்டைப் பார்த்து விலை சொல்றாங்க. கூடுதலாத்தான் சொல்றாங்க. உள்கடன் வட்டியோட அடைஞ்சுபோச்சு. போன மாசம் மகன் வண்டி வாங்க நாலு பெட்டையை விக்கச் சொல்லியிருக்கான். "பட்டி என் பேருல இருக்கு"ன்னு சொல்லிட்டாங்களாம் அக்கா.

நோட்டை இன்னைக்குக் கொண்டுவந்திருக்காங்க, மேசை மேல இருக்கு. முதல் பக்கம் ராசாவோடது. குறிப்புன்னு போட்ட இடத்துல அந்தப் பிள்ளை, "மாத்திக் கொடுத்தாச்சு, அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை"ன்னு எழுதி வச்சிருக்கு. டீ குடிச்சுட்டு வந்து எல்லாரும் பாருங்க. கையைத் துடைச்சுட்டுத் தொடுங்க.